இடதுபக்கம் மூன்றாவது கதவு

ஜனவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம்தான் ஒன்று எழுதினேன். அதற்குள் இன்னொன்றா என்று நினைக்காதே. தபால்காரர் வாசலில் நின்றாலே அண்ணி முகம் சுருங்குகிறது என்று நீ எழுதியிருந்தாய். அது தெரிந்தும் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உன் காதுக்குக் கேட்கிற மாதிரிப் பேசினால் இந்த விடுதி முழுக்கக் கேட்கும். எனக்கு அது முடியாது என்று உனக்கே தெரியும்.

என் வேலையைப் பற்றி உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. 'கம்ப்யூட்டர்ல படம் போடுறா' என்று நீ எல்லாரிடமும் சொல்கிறாயாம், அண்ணன் சொல்லிச் சிரித்தான். படம்தான், ஆனால் அழகுக்குப் போடுகிற படம் இல்லை. ஒரு பொதுக் கட்டடத்தில் தீப்பிடித்தால், உள்ளே போகிற தீயணைப்பு வீரர்களுக்குப் படிக்கட்டு எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே, எந்தக் கதவு வெளியே போகும், எது வெறும் அலமாரி என்று தெரிய வேண்டும். மாடி மாடியாக நடந்து அதை வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. அந்தப் படம் அவர்கள் வண்டியிலேயே ஒரு டேப்லெட்டில் இருக்கும்.

எங்களுக்கு ஒரே ஒரு விதிதான் பெரியது. படத்தில் ஒரு கதவு இருந்தால், வரைந்தவர் அதைத் தன் கையால் திறந்து பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. திறந்த பிறகுதான் அதில் டிக். இதுவரை இரண்டு பேராகப் போனோம். என்னோடு வேலை பார்க்கிற, அளவு டேப் பிடிக்கிற அண்ணன் ஒருவர் முன்னால் போய் எந்த அறையாக இருந்தாலும் தட்டிவிடுவார். "அரை நிமிஷம் சார், உங்களைக் காப்பாத்தத்தான் வந்திருக்கோம்" என்பார். உள்ளே இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். நான் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நுழைந்து குறித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இந்த மாதத்திலிருந்து அவர் இல்லை. நகர்மன்றக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர், பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எரிகிற கட்டடத்துக்கு இவ்வளவு செலவில் படம் எதற்கு என்று கேட்டாராம். ஒரு கட்டடத்துக்கு ஆகிற செலவில் இரண்டு பீரோ வாங்கலாம் என்று இன்னொரு உறுப்பினர் கணக்கும் சொன்னாராம். அதனால் செலவைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டார்கள். இரண்டு பேர், இரண்டு நாள் என்று இருந்தது, இப்போது ஒரு ஆள், அரை நாள். காலையில் ஒரு கட்டடம், மதியத்துக்கு மேல் ஒன்று. மேலாளர், "நீ சுறுசுறுப்பான பொண்ணு, சமாளிச்சிடுவே" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

பட்டியலைப் பார்த்தேன். அதில் ஏழு கட்டடங்கள் நீ கூட்டித் துடைத்தவை. முதலில் வருவது, கீழ்த்தளத்தோடு சேர்த்து நான்கு மாடி இருக்கிற அந்த அலுவலகம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் உன்னை அழைத்துக்கொண்டு போகிற வரைக்கும் தினமும் நீ போய் வந்த இடம். உனக்கு அதன் மூலை முடுக்கெல்லாம் தெரியும். தெரிந்ததை எழுதி அனுப்புகிறாயா? எந்தக் கதவு எங்கே போகும் என்று முன்னாலேயே தெரிந்துவிட்டால், அரை நாளில் முடித்துவிடுவேன்; யாரிடமும் ரொம்பக் கேட்கவும் வேண்டாம்.

உன் மகள்


ஜனவரி 17

என் ஊமைக்கோட்டானுக்கு அம்மா எழுதுறது.

நல்லா இருக்கேன். மூட்டு வலி இருக்கு. அது ஒரு நாள் இல்லாட்டி எனக்கே சந்தேகம் வந்துடும், இது என் கால்தானான்னு. பெத்தவளுக்கு லெட்டர் போட மன்னிப்பு கேக்குற ஒரே பொண்ணு உலகத்துல நீதான். அண்ணி முகம் லெட்டர் வந்தாலும் அப்படித்தான், வராட்டியும் அப்படித்தான். நீ எழுது.

உன் லெட்டரை நாலு வாட்டி படிச்சேன். நீ ரெண்டாம் வகுப்பு படிக்கிறப்போ உன் பக்கத்துல உக்காந்து எழுத்துக் கூட்டிக் கத்துக்கிட்டவ நான். இப்போ பட்டம் வாங்கின பொண்ணு என்கிட்ட வந்து, அம்மா எனக்குச் சொல்லிக்குடுன்னு கேக்குது. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வெங்காயம்னு சொல்லி சமாளிச்சேன். அடுப்படியில வெங்காயமே இல்லைன்னு உன் அண்ணி சொல்றா. அவளுக்கு எல்லாம் கணக்கு.

சரி, எழுதிக்கோ. கீழ்த்தளம். வாசல்ல நுழைஞ்சதும் வலப்பக்கம் படிக்கட்டு. அதுக்கு அடியில ஒரு சின்னக் கதவு, குனிஞ்சு போகணும். அங்கதான் என் வாளியும் துடைப்பமும் இருக்கும். மெயின் சுவிட்சும் அதுக்குள்ளதான், என் வாளிக்கு நேர் மேல. ஷாக் அடிச்சுச் செத்துடுவேன்னு பயந்து பயந்து வாளியை இழுப்பேன். முதல் மாடியில ரெண்டு கக்கூஸ். ஆம்பளைங்க பக்கம் ஜன்னல் பெருசு, ஆள் இறங்கலாம். பொம்பளைங்க பக்கம் ஜன்னல்ல கை கூடப் போகாது. கட்டினவன் ஆம்பளை.

முக்கியமா ஒண்ணு. பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருக்கு. நிறைய பேருக்கு அது தெரியாது. ஒவ்வொரு மாடியிலயும் நடைபாதையில இடதுபக்கம் மூணாவது கதவு. பாக்க அலமாரிக் கதவு மாதிரி இருக்கும். திறந்தா படி. நேரா பின்கொல்லைக்கு இறங்கும். நாங்க குப்பையை அந்த வழியாத்தான் கொண்டுபோகணும், முன்படியில போனா பெரிய மனுசங்க மூக்கைப் பொத்துவாங்க. மூணாவது மாடிக் கதவு மட்டும் கொஞ்சம் இறுகி இருக்கும், தோளால ஒரு இடி குடுக்கணும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாங்க. உனக்கு வாய் இல்லாட்டி என்ன, எனக்கு இருக்கு. எது வேணும்னாலும் கேளு.

அம்மா


ஜனவரி 30

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லாம் நீ சொன்ன மாதிரியே இருந்தது. படிக்கு அடியில் அந்தச் சின்னக் கதவு, மெயின் சுவிட்ச், அதற்குக் கீழே ஒரு வாளிகூட. யாருடைய வாளியோ. வழக்கமாக முன்னும் பின்னும் அலைந்து தேடுவேன். இந்தத் தடவை நேராகப் போய் நின்றேன். மேலாளர் படத்தைப் பார்த்துவிட்டு, பின்படிக்கட்டு பழைய வரைபடத்தில்கூட இல்லையே, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். நான் அடுத்த கட்டடத்தின் கோப்பை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் விடுதிக்கு வருகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது.

வாசலில் இருக்கிற வாட்ச்மேனிடம், என் அம்மா இங்கேதான் வேலை பார்த்தார் என்று எப்படியோ வாயைத் திறந்து சொல்லிவிட்டேன். அவர் ஐந்து வருஷமாக அங்கே இருக்கிறாராம். அப்படி யாரையும் தெரியாது என்றார். நீயும் அவரும் இரண்டு வருஷமாவது ஒன்றாக இருந்திருப்பீர்களே? குள்ளமாக, புருவம் நரைத்தவர். மறந்துவிட்டார் போல.

ஒன்றே ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். கீழே, முதல் மாடி, இரண்டாவது மாடி என்று மூன்று கதவுகளையும் திறந்து பார்த்தேன். இரண்டாவது மாடியில் தலையை நீட்டி மேலே பார்த்தபோது படி இருட்டுக்குள் ஏறிப் போனது. மூன்றாவது மாடிக் கதவு மட்டும் பூட்டியிருந்தது. சாவி சூப்பரின்டெண்டிடம். அவர் அதிகாரி அறையில் கூட்டத்தில் இருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் பன்னிரண்டு பேர். தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். யாரோ திரும்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்கிற மாதிரி நின்றுகொண்டேன். கால் மணி நேரம் அப்படியே நின்றிருப்பேன். அடுத்த கட்டடத்துக்கு நேரமாகிவிட்டது.

அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். நீ அத்தனை வருஷம் தோளால் இடித்துத் திறந்த கதவுதானே. நான் திறந்தால் என்ன, நீ திறந்தால் என்ன.

மீதி ஆறு கட்டடங்களையும் எழுதி அனுப்புகிறாயா? பழைய சந்தைக்கு எதிரே இருக்கிற மகப்பேறு மனை, இரண்டு பள்ளிக்கூடம், நூலகம், வரி வசூல் அலுவலகம், முதியோர் இல்லம்.

உன் மகள்


பிப்ரவரி 8

என் கண்ணுக்கு,

வாட்ச்மேனுங்க வருவானுங்க போவானுங்க. நாங்க விடியக்காலம் பின்பக்கமா நுழைஞ்சு பின்பக்கமாப் போறவங்க, எங்களை எவன் பாத்தான். இனிமே அந்த ஆள்கிட்ட என்னைப் பத்திப் பேச்சுக் குடுக்காத. எங்கேயுமே நான் இன்னாரோட பொண்ணுன்னு சொல்லிக்கிட்டுத் திரியாத. நீ படிச்சு வந்திருக்க. துடைப்பக்காரி பொண்ணுன்னு தெரிஞ்சா ஒரு நாற்காலி குறைச்சுப் போடுவாங்க.

நீ கேட்ட ஆறும் தனித்தாள்ல எழுதியிருக்கேன், எட்டுப் பக்கம். கை வலிக்குது, ஆனா விட மனசு வரலை. உன் அண்ணன் எட்டிப் பாத்து, என்னம்மா பரீட்சையான்னு கேட்டான். ஆமாடா, பாஸ் ஆயிடுவேன்னு சொன்னேன். ஒரு வாரமா வீட்டுல நான் ஏதோ ஆபீஸ் வேலை பாக்குற மாதிரி இருக்கு. யாரும் என்னைக் காய் நறுக்கக் கூப்பிடலை.

மூணாவது மாடிக் கதவைப் பத்திக் கவலைப்படாத. இருக்குற கதவு எங்க போகும்.

அம்மா


ஏப்ரல் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் எட்டுப் பக்கங்களை வைத்து ஆறு கட்டடங்களையும் முடித்துவிட்டேன். முடிந்த வரைக்கும் கதவுகளைத் திறந்து பார்த்தேன். முடியாத இடங்களில் உன் தாளைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் பிரிவிலேயே நான்தான் வேகம் என்று மேலாளர் எல்லார் எதிரிலும் சொன்னார். அரை நாள் போதாது என்று சொன்னவர்களுக்கு என்னைத்தான் உதாரணம் காட்டுகிறார். அது எனக்கு அவ்வளவு நன்றாக இல்லை.

நேற்று படங்களை ஒப்படைக்கத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனோம். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று டேப்லெட்டில் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொரு கதவாக விரலை வைத்துக் கேட்டார். முப்பது வயது இருக்கும். முகவாயில் சவரம் செய்த வெட்டு, அதில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது; அதை எடுக்க மறந்துவிட்டார் போல. மற்றவர்கள் அவரை வாத்தியார் என்று கிண்டல் செய்தார்கள், எதையெடுத்தாலும் கேள்வி கேட்பாராம். நான்கு மாடி அலுவலகத்தின் பின்படிக்கட்டில் விரலை வைத்து, "இதெல்லாம் நீங்களே திறந்து பாத்தீங்களா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயந்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்துச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. புகைக்குள்ள எங்களுக்குக் கண்ணு கிடையாது. சுவரைத் தடவிக்கிட்டே கதவை எண்ணுவோம். நீங்க மூணுன்னா, எங்களுக்கு மூணு."

நான் தலையாட்டினேன், அம்மா. ஆமாம் என்று வாயால் சொல்லக்கூட இல்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் மேலாளரிடம், ஒரு கதவை மறுபடியும் போய்ப் பார்க்க அரை நாள் வேண்டும் என்று கேட்டேன். நானாக வாய் திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை. அந்தக் கோப்பு முடிந்தது, முடிந்த கோப்பைத் திறந்தால் புதுச் செலவாகக் காட்ட வேண்டும் என்றார். என்ன சந்தேகம் என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று வந்துவிட்டேன்.

அதனால் உன்னிடமே கேட்கிறேன். நீ வேலையை விடும்போது அந்த மூன்றாவது மாடிக் கதவு திறக்கிற நிலையில்தானே இருந்தது?

உன் மகள்


ஏப்ரல் 11

என் ஊமைக்கோட்டானுக்கு,

கடைசி நாள் வரைக்கும் அந்த வழியாத்தான் குப்பை இறக்கினேன். இதைவிட என்ன சொல்லணும். ஒரு கதவுக்குப் போய் சாப்பிடாம இருக்காத, உன் எழுத்தைப் பாத்தாலே தெரியுது.

இங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், தீயணைப்பு வண்டியில என் பொண்ணு போட்ட படம்தான் இருக்குன்னு. பக்கத்து வீட்டுக்காரி, அப்படின்னா தீப்பிடிச்சா உன் பொண்ணுக்குத்தான் போன் போடணுமான்னு நக்கல் பண்றா. பொறாமை. உன் அண்ணியோட அம்மா வந்திருந்தாங்க, அவங்க காதுலயும் போட்டு வச்சேன். அன்னைக்கு எனக்கு நாற்காலியில உக்கார இடம் கிடைச்சது.

அம்மா


ஜூன் 21

அம்மாவுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த நான்கு மாடி அலுவலகத்தில் தீப்பிடித்தது. முன்படிக்கட்டுப் பக்கம் இருந்த மின்பெட்டியிலிருந்து. செய்தித்தாளில் நீ பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு ஏன் எழுதவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

வேலை செய்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மூன்றாவது மாடியில் ஒரு எழுத்தர் மட்டும் உள்ளே இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அவர் அன்று விடுப்பு. அது பிறகுதான் தெரிந்தது. அவரைத் தேடி இரண்டு வீரர்கள் மேலே போனார்கள். ஒருவர் மூச்சுக் கருவி பழுதாகித் திரும்பிவிட்டார். இன்னொருவர் தேடி முடித்தபோது முன்படி எரிந்துகொண்டிருந்தது. பின்படி வழியாக வருகிறேன் என்று வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்கிறார். இடதுபக்கச் சுவரைத் தடவி, மூன்றாவது கதவுக்கு வந்து, பூட்டைக் கோடரியால் உடைத்திருக்கிறார். உடைத்தது தெரிகிறது. கதவைத் திறந்தால் செங்கல் சுவர். ஒரு சாண் தள்ளி, கதவுக்குப் பின்னால், மேலிருந்து கீழ் வரை. அந்தப் பக்கம் பதிவேடு அறையைப் பெரிதாக்கும்போது படிக்கட்டின் அந்த மாடிப் பகுதியை உள்ளே சேர்த்துக்கொண்டு, கதவை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்களாம்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தாராம். கேள்வி கேட்கிற அந்த வாத்தியார்தான்.

இறுதி மரியாதைக்கு நான் போனேன். நிலையத்துக்கு வெளியே கூட்டத்தில் பின்னால் நின்றேன். அவருடைய அப்பா, மகனுடைய சைக்கிளின் பூட்டைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். சாவி பொருந்தவில்லை. யாரோ வந்து அழைத்துப் போகிற வரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தார்.

அந்தச் சுவர் கட்டிய வருஷம் பதிவேட்டில் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால். நீ அந்த வேலையை விட்டது மூன்று வருஷத்துக்கு முன்னால். கடைசி நாள் வரைக்கும் அந்த வழியாகத்தான் குப்பை இறக்கினேன் என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதம் என் முன்னால்தான் இருக்கிறது. கழித்துக் கழித்துப் பார்க்கிறேன். பட்டம் வாங்கியவளுக்கு இந்தக் கணக்கு வரவில்லை.

அடுத்த மாதம் எட்டாம் தேதி விசாரணை. அதற்குள் எழுது.


ஜூன் 30

என் கண்ணுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவ நான். ஆறு வருஷமா மறைச்சேன்.

நீ காலேஜ்ல சேந்த முதல் வருஷம். அந்த மூணாவது மாடியில ஒரு அம்மாவோட மோதிரம் காணோம். கை கழுவறப்போ கழட்டி வச்சிருக்காங்க. நான் அந்த வேளையில தரை துடைச்சிட்டு இருந்தேன். அதிகாரி அறை வாசல்ல என்னை உக்கார வச்சாங்க. என் பையைக் கொட்டினாங்க. டப்பாவைத் திறந்து சோத்தைக் கிளறிப் பாத்தாங்க. போறவங்க வர்றவங்க எல்லாம் பாத்துக்கிட்டே போனாங்க. நான் எடுக்கலை. உன் தலையில அடிச்சுச் சொல்றேன், எடுக்கலை. மோதிரம் கிடைக்கவும் இல்லை. நாளையிலேருந்து வராதேன்னுட்டாங்க. கான்ட்ராக்ட்காரன் மத்த இடத்துக்கும் சொல்லிட்டான். அன்னைக்கு அந்தப் பின்படி வழியாத்தான் இறங்கி வந்தேன். அதுதான் என் கடைசி நாள். அது பொய் இல்லை.

உன்கிட்ட எப்படிச் சொல்றது. நீ யாரைப் பாத்தாலும் தலையைக் குனியுற பொண்ணு. அம்மாவைத் திருடின்னு சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சா நீ காலேஜ் வாசலே மிதிச்சிருக்க மாட்ட. பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல வேலை கிடைச்சது. அதே நேரத்துக்குக் கிளம்பினேன், அதே சேலை, அதே டப்பா. மூணு வருஷம். நீ ஒரு நாளும் கேக்கலை. நல்லவேளைன்னு நினைச்சேன்.

அப்புறம் நீ லெட்டர் போட்ட. அம்மா, உனக்குத் தெரிஞ்சதை எழுதுன்னு. எனக்குத் தெரியும்டி, அந்தக் கட்டடம் எனக்குத் தெரியும். கண்ணை மூடினா இப்பவும் தெரியும். ஆனா அது எப்பத் தெரிஞ்சதுன்னு சொன்னா எல்லாம் சொல்லணுமே. கட்டடம் ஓடியா போயிடும்னு நினைச்சேன்.

அந்தப் பிள்ளையை நினைச்சா எனக்குச் சோறு இறங்கலை.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். விசாரணையில என் பேரைச் சொல்லாத. பேப்பர்ல வரும். ஏன் வேலையை விட்டு எடுத்தாங்கன்னு தோண்டுவாங்க. உன் அண்ணியோட அம்மா படிப்பாங்க. இந்த வீட்டுல எனக்கு ஒரு மூலைதான் இருக்கு, அதுவும் போயிடும். உன் அண்ணனுக்கும் தெரியாது. ஒரு வாட்டி திருடின்னு கேட்டுட்டேன். இன்னொரு வாட்டி கேக்க என் காதுல தெம்பு இல்லை.

அம்மா


ஜூலை 19

அம்மாவுக்கு,

நீ மோதிரத்தை எடுக்கவில்லை. அதை நீ என் தலையில் அடித்துச் சொல்லியிருக்க வேண்டாம். முதலில் அதை எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் படிக்கும்போது உனக்கு அந்தச் சந்தேகம் வேண்டாம்.

விசாரணை முடிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். திறக்காத கதவுக்கு ஏன் டிக் போட்டீர்கள் என்று கேட்டார்கள். நேரம் இல்லை என்றேன். தட்ட வெட்கமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பின்படிக்கட்டு மூன்றாவது மாடி வரைக்கும் போகிறது என்று யார் சொன்னது என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன் என்றேன். நடுவில் இருந்தவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதையே சொன்னேன். என் குரல் நடுங்கவே இல்லை. இதற்கு முன்னால் இத்தனை பேர் எதிரில் நான் பேசியதே கிடையாது.

வேலை போய்விட்டது. மேலாளரும் மாற்றலாகிவிட்டார். போகும்போது என்னைத் திட்டவில்லை. "அன்னைக்கு அரை நாள் கேட்டியே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். டேப் அண்ணன் விடுதி வாசல் வரைக்கும் வந்து, ஒரு பை ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனார்.

பழையபடி இரண்டு பேர், இரண்டு நாள் வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அன்று பீரோ கணக்குச் சொன்ன உறுப்பினர்தான் முதலில் கையைத் தூக்கினாராம். ஆனால் அந்தச் செலவு அடுத்த வருஷத் திட்டத்தில்தான் வரும். அதுவரைக்கும் மற்ற படங்கள் வண்டியில் அப்படியே இருக்கட்டும், இல்லாததற்கு இருப்பது மேல் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை தவறு ஒரே ஒரு கதவில்தான். நான் அப்படித்தானே சொல்லியிருக்கிறேன்.

வெளியே வரும்போது தாழ்வாரத்தில் நிலைய அதிகாரி நின்றுகொண்டிருந்தார். இறந்துபோனவர் அவருக்குக் கீழே ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர். என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே கேட்டார்: "மத்த படமெல்லாம் நம்பலாமாம்மா? என் பசங்க அதை வச்சுத்தான் உள்ள போவாங்க."

ஏப்ரலில் தலையாட்டினேன். இந்தத் தடவை அதையும் செய்யவில்லை. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பதினொரு நாளாக அதே கேள்விதான் எனக்கு. மகப்பேறு மனையில் பின்பக்க வாசல் ஒன்றை உன் தாளைப் பார்த்து வரைந்தேன். முதியோர் இல்லத்தில் இரண்டு. அங்கே இருப்பவர்களில் பாதிப் பேரால் எழுந்து நடக்க முடியாது. நூலகத்து மாடிப்படி, பள்ளிக்கூடத்துப் பக்கவாட்டுக் கதவு. எது நான் திறந்தது, எது நீ சொன்னது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நேரில் போய்ப் பார்க்கலாம் என்று மகப்பேறு மனைக்குப் போனேன். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். எடுத்துவிட்டால் சரியாக இருக்கிற படமும் போய்விடும். ஒரு வருஷத்துக்கு அவர்கள் கையில் எதுவுமே இருக்காது.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். நீ அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இல்லை. மூன்று வருஷம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனதை நினைத்தால் இல்லை. ஏப்ரலில் நான் நேராகக் கேட்டேனே, அதை நினைத்தால் இருக்கிறது. அன்றைக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். பேப்பர் இல்லை, விசாரணை இல்லை. நான் ஒருத்திதான் கேட்டேன்.

நீ கேட்டதை நான் செய்தேன். எட்டாம் தேதி உன் பேரைச் சொல்லவில்லை. இப்போது நான் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை பக்கம் தள்ளிப் போட்டுவிட்டேன்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஆறு கட்டடங்களையும், அதில் உன்னை நம்பி வரைந்த கதவுகளையும் வரிசையாக எழுதியிருக்கிறேன். மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரில், அந்தக் கதவு வழியாக நீ கடைசியாகப் போன வருஷத்தை எழுது. நினைவில்லை என்றால் நினைவில்லை என்று எழுது. போனதே இல்லை என்றால் அதையும் எழுது. அந்தத் தாளை நான் நிலைய அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். யார் எழுதியது என்று கேட்பார். சொல்வேன். அது தெரிந்தே எழுது, அம்மா. வேறு எதுவும் அதில் எழுதாதே. சாப்பிட்டாயா என்றுகூட எழுதாதே. வருஷம் மட்டும் எழுது.

உன் மகள்